கம்பியோரம் ஒரு ஜோடி சப்பாத்து

1. மூன்று நெடிய ஊதல்

துறைமுகத்தில் கப்பல் ஊதினால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பஸ் ஸ்டாண்டில் ஹாரன் அடித்தால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? ஆனால் மூன்று நெடிய ஊதல் என்றால் கதை வேறு. ஆள் கடலில் விழுந்துவிட்டான் என்று அர்த்தம். முப்பத்தோரு வருடம் தூத்துக்குடித் துறைமுகத்தில் வாட்டர் கிளார்க்காகக் குப்பை கொட்டியவன் நான். பயிற்சிக்கு ஊதியதைக் கழித்துவிட்டால், அந்த ஊதலை ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் கடலில் யாரும் விழவில்லை என்பதுதான் வேடிக்கை.

வாட்டர் கிளார்க் என்றதும் தண்ணீர் பில் போடுகிற வேலை என்று என் மாமனார் கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார். கப்பல் கரையில் கட்டியதிலிருந்து கிளம்புகிற வரை கேப்டனுக்கு என்னென்ன வேண்டுமோ அதையெல்லாம் ஏற்பாடு செய்கிற ஏஜென்சி ஆள்தான் வாட்டர் கிளார்க். குடிதண்ணீர், டீசல், சிம் கார்டு, பல் பிடுங்க டாக்டர், எல்லாம் நம் தலையில். ஒரு கிரேக்கச் சமையல்காரருக்காகக் கருவாட்டு வாசம் அடிக்காத கடுகு தேடிக் கடைகடையாக ஏறி இறங்கியிருக்கிறேன். நம் ஊரில் அது லேசில் கிடைக்காது.

நான் சொல்ல வந்த கப்பல், உரத்துக்கான பாறைத்தூள் ஏற்றி வந்தது. கேப்டன் கொரியாக்காரர், பெயர் ஹான். மற்ற எல்லாரும் பர்மாக்காரர்கள். கேப்டன் ஹானுக்கு அறுபதை ஒட்டிய வயது. சட்டையிலும் கசங்கல் கிடையாது, பேச்சிலும் கசங்கல் கிடையாது. முதல் நாள் எனக்குக் காபி கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கிற வரை எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இது உபசாரமா விசாரணையா என்று விளங்காமல் வாயைச் சுட்டுக்கொண்டு குடித்தேன்.

இரண்டாம் நாள் சர்வேயர் ஏறி, லைஃப்போட்டைத் தட்டிப் பார்த்து, அடிப்பக்கம் ஒரு விரிசலைக் கண்டுபிடித்துவிட்டார். ஆபத்து வந்தால் ஆட்கள் ஏறித் தப்பிக்கிற படகு அது. ஃபைபரில் செய்தது, மேலே கூரைபோல மூடியிருக்கும். கப்பலின் மேல்தளத்தில் கடல் பார்த்த பக்கம் கொக்கியில் தொங்கும். அதில் விரிசல் இருந்தால் கப்பல் புறப்படக் கூடாது. கேப்டன் எனக்குப் போன் போட்டார். நான் தொம்மைக்குப் போன் போட்டேன்.

2. தொம்மை

தொம்மை மச்சாது தருவைக்குளத்துக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். வாலிபத்தில் சங்கு குளித்தவர். அவருடைய பாட்டனாருக்குப் பாட்டனார் முத்துக் குளித்தார் என்று சொல்லுவார். அந்த முத்தில் ஒன்றையாவது காட்டச் சொல்லி நான் வம்பிழுப்பது உண்டு. சங்கு குளித்ததில் இடது காது மந்தமாகிவிட்டது. இனிமேல் தண்ணீருக்குள் போனால் வலது காதும் போய்விடும் என்று டாக்டர் சொன்ன பிறகு கரையேறி, ஃபைபர் வேலை கற்றுக்கொண்டார். ரெசின் பூசி விரிசலை மூடினால் விரிசல் இருந்த இடத்தைச் சர்வேயரே தேட வேண்டியிருக்கும். அப்படி ஒரு கை.

மூன்றாம் நாள் காலையில் தொம்மையைச் சீஃப் ஆபீசர் மின் ஊவிடம் ஒப்படைத்தேன். கேப்டனுக்கு அடுத்த ஆள் மின் ஊ. பர்மாக்காரர், தங்கமான மனிதர், எதற்கும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பேசுவார். அவர் தொம்மையை லைஃப்போட்டுக்குக் கூட்டிப் போய் வேலையைக் காட்டிவிட்டு, கரையில் இறங்கி, கப்பல் எவ்வளவு மிதக்கிறது என்று முன்முனையில் எண் வாசிக்கப் போய்விட்டார். நான் சிம் கார்டு வாங்க டவுனுக்குப் போனேன்.

பதினொரு மணி வாக்கில் சிம் கார்டுகளோடும் ஒரு பெட்டி மாம்பழத்தோடும் திரும்பிக் கப்பல் படியில் ஏறுகிறேன். ஊதல் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

கிரேன் அந்தரத்தில் நின்றுவிட்டது. பாறைத்தூள் அள்ளிக்கொண்டிருந்த நம் ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பர்மாக்காரர்கள் ஆரஞ்சு மிதவையைத் தூக்கிக்கொண்டு கடல் பக்கக் கம்பிக்கு ஓடினார்கள். மேல்தளத்தில் கேப்டன் ஹான் நிற்பது தெரிந்தது. கையில் ஏதோ வைத்திருந்தார். என்னவென்று கீழேயிருந்து தெரியவில்லை.

அப்போதுதான் மேலேயிருந்து ஓர் உருவம் படிப்படியாகத் தாவி இறங்கி வந்தது. தலையிலிருந்து கால்வரை ஃபைபர் தூசி. முகத்தில் மாஸ்க், காதில் இரைச்சல் தடுக்கிற மூடி, காலில் ஒன்றுமில்லை. சுண்ணாம்புக் குளத்தில் முக்கி எடுத்த ஆள் மாதிரி இருந்தது. அது ஓடி வந்து பர்மாக்காரர்களிடம் தமிழில் கத்தியது.

“ஆளு விழுந்துட்டானா? எங்கன? எந்தப் பக்கமா விழுந்தான்?”

அவர்களுக்குத் தமிழ் புரியவில்லை. ஆனால் அந்த நேரத்தில் எந்த மொழியில் கேட்டாலும் பதில் ஒன்றுதானே. எல்லாரும் தண்ணீரைக் காட்டினார்கள். உருவம் மாஸ்க்கையும் காது மூடியையும் பிடுங்கி எறிந்தது. நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டது. கம்பியில் ஏறியது. குதித்தது.

மாம்பழப் பெட்டியை அப்படியே போட்டுவிட்டுக் கம்பிக்கு ஓடினேன். தண்ணீரில் வெள்ளையாகத் தூசி மட்டும் மிதந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தலை வெளியே வந்தது. தூசியெல்லாம் கழுவிப்போய்ச் சொந்த நிறத்தில் இருந்தது. தொம்மை!

“அண்ணாச்சி! அடியில ஒண்ணும் தட்டுப்படல! அவன் என்ன கலரு சட்ட போட்டிருந்தான்னு கேட்டுச் சொல்லுங்க!”

சொல்லிவிட்டு மறுபடியும் முங்கிவிட்டார். அந்த ஒற்றைக் காதோடு! நான் பதறிப்போய்த் திரும்பினேன். கேப்டன் ஹான் இறங்கி வந்து என் பின்னால் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. கையில் ஒரு ஜோடி சேஃப்டி சூ. சூவுக்குள் மடித்து வைத்த சாக்ஸ், அதன்மேல் ஒரு கைக்கடிகாரம், ஒரு செல்போன், ஒரு துறைமுகப் பாஸ்.

“திஸ் மேன்,” என்று பாஸை எடுத்து நீட்டினார். “திஸ் மேன் இன் வாட்டர்.”

பாஸைப் பார்த்தேன். தொம்மையின் போட்டோ. தண்ணீரைப் பார்த்தேன். தொம்மை மறுபடியும் மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

கையிலும் தொம்மை, கடலிலும் தொம்மை. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. படகுக்குள் இருந்த ஆளின் சூவை வெளியே பார்த்துவிட்டு ஊதியிருக்கிறார்கள்.

“ஏலே தொம்மை! மேல வாடே! விழுந்தது நீதாம்டே!”

“நானா? நான் எப்ப விழுந்தேன்?”

பயம் தெளிந்ததும் எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். பர்மாக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். கயிற்று ஏணி போட்டுத் தொம்மையைத் தூக்கியபோது அவரும் இளித்துக்கொண்டுதான் வந்தார், எதற்கென்று தெரியாமலே.

கேப்டன் ஹான் மட்டும் சிரிக்கவில்லை. சூ ஜோடியைக் குனிந்து தளத்தில் வைத்தார். வைத்தவர், அதன் முனை கடலைப் பார்த்திருந்ததைக் கவனித்து, மறுபடி எடுத்துக் கப்பலின் உள்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மிஸ்டர் முத்து. யூ லாஃப்.”

அவ்வளவுதான் சொன்னார். கேபினுக்குப் போய்விட்டார்.

3. பெற்றுக்கொண்டேன் என்று மட்டும்

சேஃப்டி ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கினார். விளாத்திகுளத்துக்காரர், சின்ன வயசுதான், ஆனால் ரூல் புத்தகத்தையே கரைத்துக் குடித்தவர்.

“அண்ணாச்சி, கேப்டன் மட்டும் லெட்டர் குடுத்துட்டாருன்னா என் கையில ஒண்ணுமில்ல. மச்சாது பாஸை பிளாக் பண்ணித்தான் ஆவணும். லெட்டர் வரலைன்னா வார்னிங்கோட முடிச்சிருதேன்.”

“வேலையத்தான பாத்துக்கிட்டிருந்தாரு?”

“சூவக் கழத்திட்டு வேல பாத்திருக்காரு. பெர்மிஷன் இல்லாமக் கடல்ல குதிச்சிருக்காரு. நாளைக்கு ஒருத்தன் கால்ல ஆணி ஏறுனா நீங்க வந்து பதில் சொல்லுவியளா?”

லெட்டர் என்று அவர் சொன்னது லெட்டர் ஆஃப் புரோட்டஸ்ட். நடந்தது எனக்குச் சம்மதமில்லை என்று கேப்டன் எழுதித் தருகிற புகார். அதில் ஒருவர் பெயரும் பாஸ் நம்பரும் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு துறைமுகத்தில் எவனும் அவரை வேலைக்குக் கூப்பிடமாட்டான். தொம்மைக்குக் கடலும் கிடையாது, துறைமுகமும் கிடையாது என்று ஆகிவிடும். வீட்டில் இரண்டு பெண்கள் காலேஜ் படிக்கிறார்கள்.

அந்த லெட்டரை வாங்குவதும் வாட்டர் கிளார்க்தான். அதற்கென்று பையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் வைத்திருப்போம். ‘பெற்றுக்கொண்டதற்கு மட்டும்’ என்று இங்கிலீஷில் இருக்கும். நீ எழுதியதை ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை, கையில் வாங்கினேன், அவ்வளவுதான் என்று பொருள். என் சர்வீஸில் எத்தனையோ லெட்டரில் அதைக் குத்தியிருக்கிறேன், ஒரு நாளும் கை கூசியது கிடையாது.

அரைமணி நேரத்தில் கேப்டன் கூப்பிட்டுவிட்டார். கேபினுக்குப் போகிற வழியில் மின் ஊ என்னை மறித்தார். அன்றைக்கு அவர் முதலில் சிரிக்கவில்லை.

அவர் தணிந்த குரலில் சொன்னது இது. கேப்டனுடைய நாட்டில், வாழ்க்கை போதும் என்று முடிவெடுத்த ஒருவர் தண்ணீரோரம் போனால் சூவைக் கழற்றி ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்துவிட்டுப் போவதாகத்தான் மனதில் பதிந்திருக்கிறது. ஹான் சின்ன ஆபீசராக இருந்த காலத்தில், அவருக்குக் கீழே பயிற்சிக்கு வந்த ஒரு கேடட் இருந்தான். ஒருநாள் காலை எண்ணிக்கை எடுத்தபோது ஆளைக் காணவில்லை. மேல்தளத்துக் கம்பியோரம் ஒரு ஜோடி சூ இருந்தது. அதற்குள் கைக்கடிகாரம். அதை முதலில் பார்த்தவர் ஹான்.

“அவர் கப்பலில் யாரும் தளத்தில் சூவைக் கழற்ற மாட்டோம்,” என்றார் மின் ஊ. “எங்களுக்குத் தெரியும். கரை ஆட்களுக்கு நாங்கள் சொல்லவில்லை. தப்பு என்னுடையதும்தான்.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த மனிதர் இத்தனை வருடம் கழித்து அதே மாதிரி ஒரு ஜோடியைப் பார்த்து வெளிறிப்போய் நிற்கிறார். நான் அவர் முகத்துக்கு நேரே கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். லெட்டர் வருகிறதென்றால் அது தொம்மையின் சூவால் மட்டும் வரவில்லை, என் சிரிப்பாலும் வருகிறது. கேபினுக்குப் போகாமல், தொம்மையின் காதுக் கோளாறையும் சொல்லி, ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்லும்படி மின் ஊவிடம் கேட்டுக்கொண்டு, தொம்மையைத் தேடிப் போனேன்.

4. குசினியில்

குசினி என்கிற கப்பல் சமையலறைக்குப் பக்கத்துச் சாப்பாட்டு அறையில் தொம்மை போர்வையைச் சுற்றிக்கொண்டு நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூக்கில் தண்ணீர் வழிந்தது.

“என்ன காரம்டா சாமி! நம்மாளுவ தோத்துப்போவாவ அண்ணாச்சி.”

“காது எப்படி இருக்கு?”

“ஙொய்ங்குது. கெடக்கட்டும்.”

“உன்ன யாருடே சூவக் கழத்தச் சொன்னா?”

தொம்மை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் ஏதோ கூடாத பேச்சுப் பேசிவிட்டது போல.

“போட்டுல ஏறணும்லா அண்ணாச்சி? சப்பாத்தோடயா ஏறச் சொல்லுதிய?”

சூவை அவர் சப்பாத்து என்றுதான் சொல்லுவார். போர்த்துக்கீசியர் விட்டுவிட்டுப் போன சொல். தருவைக்குளத்தில் இன்னும் புழங்குகிறது.

“அது லைஃப்போட்டுடே. கொக்கியில தொங்குது. தண்ணியவே தொட்டிருக்காது.”

“தண்ணியத் தொடாட்டா? போட்டு போட்டுதான? வள்ளமோ, தோணியோ, பைபரோ, எங்க ஊர்ல எவனாவது செருப்புக் காலோட ஏறிப் பாத்திருக்கியளா? கரையில எதையெல்லாமோ மிதிச்சிட்டு வாரோம். அத நம்மளச் சொமக்கத போட்டுல கொண்டு வைக்கலாமா? அதான் கம்பியோரமாக் கழத்தி வச்சேன். ரெசினு பட்ரக் கூடாதுன்னு வாச்சி, போனு, பாஸு எல்லாத்தையும் உள்ள போட்டேன். தூசி பறந்து புதுப் பெயிண்டுல ஒட்டுதுன்னு அங்கன பெயிண்ட் அடிச்ச செவத்த பர்மாப் பையன் சொன்னான், கதவையும் சாத்திக்கிட்டேன். இதுல என்ன தப்பு?”

எனக்கு இது தெரியாது. கொரியாக்காரருக்குத் தெரியாதது இருக்கட்டும். தருவைக்குளத்துக்கும் எங்கள் ஊருக்கும் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. எனக்கு ஊர் ஆதிச்சநல்லூர்ப் பக்கம், தாமிரபரணி வயல்காடு. ஊர்ப் பெயரைச் சொன்னதும் ‘தாழி தோண்டுன ஊரா’ என்று கேட்காத ஆள் கிடையாது. செத்துப்போனவர்களைப் பானையில் வைத்துப் புதைத்தவர்கள் என்ன நினைத்துச் செய்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நான் இத்தனை வருடம் கூடவே வேலை பார்த்த தொம்மையிடம், ஏன் படகு என்றால் வெறுங்காலோடு ஏறுகிறாய் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பார்த்திருக்கிறேன். பழக்கமாக்கும் என்று விட்டுவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் எனக்கு இது புதுசும் இல்லை. களத்தில் நெல் குவிந்து கிடக்கும்போது செருப்புக் காலோடு போனதற்கு என் அப்பா கம்பை எடுத்துக்கொண்டு வரப்பு நெடுக என்னைத் துரத்தியிருக்கிறார். அவரிடம் ‘இது வெறும் நெல்தானே’ என்று கேட்டிருந்தால் இன்னும் இரண்டு அடி சேர்த்து விழுந்திருக்கும்.

கேப்டன் பார்த்த அந்தக் கேடட் விஷயத்தைத் தொம்மையிடம் சொன்னேன். பாஸ் போகப்போகிறது என்பதையும் சொன்னேன். தொம்மை கிண்ணத்தைக் கீழே வைத்தார். பாஸைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

“அந்தப் பையன் ஒடம்பு கெடச்சுதாமா?”

“இல்லையாம்.”

தொம்மை போர்வையை மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

“வாங்க, போய்ட்டு வருவோம்.”

5. முழுசாகச் சொல்லுங்கள்

கேபினில் மேசைமேல் லெட்டர் தயாராக இருந்தது. டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, கப்பல் முத்திரையும் குத்தியாகிவிட்டது. தொம்மையின் பெயரும் பாஸ் நம்பரும் தடித்த எழுத்தில். நான் ஸ்டாம்ப் அடித்துக் கையில் வாங்கினால் முடிந்தது.

கேப்டனின் பார்வை தொம்மையின் வெறும் காலில் போய் நின்றது. முதலில் நான் மன்னிப்புக் கேட்டேன். சிரித்திருக்கக் கூடாது, விஷயம் தெரியாமல் சிரித்துவிட்டேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஏற்றுக்கொண்டாரா தெரியவில்லை.

தொம்மை பேசினார். நான் இங்கிலீஷில் சொன்னேன்.

“தொரைக்கி மனசு வெசனப்படும்படியா ஆயிட்டு. மன்னிச்சிரணும். சப்பாத்த அந்த எடத்துல இனிமே வைக்க மாட்டேன். ஆனா போட்டுல அதப் போட்டுக்கிட்டு ஏறவும் மாட்டேன்.”

முதல் பாதியை மட்டும் இங்கிலீஷாக்கினேன். பின்பாதியை விழுங்கிவிட்டேன். காரியம் கெடக் கூடாது என்பது என் தொழில் புத்தி. தொம்மைக்கு ஒரு காதுதான் மந்தம், மூளை மந்தமில்லை.

“அண்ணாச்சி, நான் அவ்வளவு சொன்னேன், நீங்க இத்துனூண்டு சொல்லுதிய. முழுசாச் சொன்னியளா?”

கேப்டன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வேறு வழியில்லாமல் முழுசாகச் சொன்னேன். சொல்லும்போதே பாஸ் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். ஆனால் கேப்டன் கோபப்படவில்லை. ஏன் என்று கேட்டார். காலையிலிருந்து இத்தனை பேர் கத்தியதில் அந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

தொம்மை எனக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னார். கேப்டன் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு தன் கேபின் கதவைக் காட்டினார். கதவுக்கு உள்பக்கம் அவருடைய சூ கிடந்தது. அப்போதுதான் கவனித்தேன், கேப்டன் சாக்ஸ் காலோடு உட்கார்ந்திருந்தார்.

“என் நாட்டிலும் வீட்டுக்குள் சூ போட மாட்டோம்,” என்றார். “கேபின் என் வீடு. உங்களுக்குப் படகு வீடா?”

“வீட்டுக்கும் மேல,” என்றார் தொம்மை.

கேப்டன் அடுத்து ஒன்று கேட்டார். உனக்குக் காதில் வியாதி, தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சீஃப் ஆபீசர் சொல்கிறார். விழுந்தது யார் என்றே தெரியாமல் எதற்குக் குதித்தாய்?

தொம்மைக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. இரண்டு தடவை திருப்பிக் கேட்டார்.

“யாரு என்னன்னு வெசாரிச்சிட்டா குதிப்பாவ? விழுந்தது ஆளுதான?”

அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். கேப்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே கிரேன் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது.

“அந்தப் பையன் பேரு என்னன்னு கேளுங்க,” என்றார் தொம்மை.

“தொம்மை, அதெல்லாம் வேண்டாம்டே.”

“கேளுங்க அண்ணாச்சி. நவம்பர்ல கல்லறைத் திருநாளுக்கு எங்க கோயில்ல கடல்ல போனவங்க பேர வாசிப்பாவ. எந்த ஒடம்பு கெடைக்கலியோ அந்தப் பேருதான் மொதல்ல. இந்தப் பையனுக்கு எவன் வாசிப்பான்? அவருக்குச் சம்மதம்னா எழுதித் தரச் சொல்லுங்க.”

இந்தத் தடவை ஒன்றையும் விழுங்காமல் சொன்னேன். கேப்டன் ஹான் மேசைக்கு வந்தார். பேனாவை எடுத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார், வெற்றுத்தாள் கண்ணில் படவில்லை போல. முன்னால் இருந்த லெட்டரைத் திருப்பிப் போட்டார். அதன் பின்பக்கத்தில் மெதுவாக, கொரிய எழுத்தில் ஒரு பெயர் எழுதினார். கீழே இங்கிலீஷில் எழுதினார். அதற்கும் கீழே நான் தமிழில் எழுதினேன். ஜின் ஹோ.

தொம்மை அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கி, ஈரம் காயாத சட்டைப் பையில் வைக்காமல், மடித்து உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டார். புகார் எழுதியிருந்த ஒரே தாள் அதுதான். வேறு தாள் பிரிண்ட் வரும், வரும் என்று நானும் சேஃப்டி ஆபீசரும் சாயங்காலம்வரை காத்திருந்தோம். வரவே இல்லை.

6. மூடி போட்ட டப்பா

ஆனால் லைஃப்போட்டில் வேலை பாதியில் கிடந்தது. சர்வேயர் மறுநாள் வருகிறார். தொம்மை சப்பாத்தோடு ஏற மாட்டார். கேப்டன் கம்பியோரம் சூவைப் பார்க்க மாட்டார். சேஃப்டி ஆபீசர் வெறுங்காலை விட மாட்டார். மேல்தளத்தில் ஒரு சின்ன மாநாடே நடந்தது. நான் மூன்று பக்கமும் மொழிபெயர்த்தேன், ஒரு வார்த்தை குறைக்காமல்.

“மச்சாது, ஒமக்கு சூ பிடிக்கலையா, கரை மண்ணு பிடிக்கலையா?” என்று கேட்டார் சேஃப்டி ஆபீசர். ரூல் புத்தகத்தைக் குடித்தவரிடம் இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தொம்மை யோசித்தார். “மண்ணுதான். கரைய மிதிக்காத சப்பாத்துன்னா போட்டுக்கிடுதேன்.”

மின் ஊ ஓடிப்போய்க் கப்பல் ஸ்டோரிலிருந்து பெட்டி பிரிக்காத புதுச் சூ ஒரு ஜோடி கொண்டுவந்தார். லைஃப்போட்டுக்குள் வைத்தே பெட்டியைப் பிரித்தார்கள். தொம்மை உள்ளே உட்கார்ந்து போட்டுக்கொண்டார். வெளியே கழற்றின பழைய சூவுக்கு, ஒரு காலிப் பெயிண்ட் டப்பாவைக் கழுவி, மூடி போட்டு, கம்பியிலிருந்து தள்ளிச் சுவரோரம் கட்டி வைத்தார்கள். டப்பாமேல் கேப்டன் தன் கையாலேயே ‘சூ’ என்று இங்கிலீஷில் எழுதினார். இத்தனைக்கும் மொத்தம் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும்.

மறுநாள் சர்வேயர் விரிசலைத் தேடினார். கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

கப்பல் புறப்படுகிற அன்று கடைசியாகப் பேப்பர்களை வாங்கிக்கொண்டு படி இறங்கப் போனேன். கேப்டன் ஹான் வழியனுப்ப வந்தார். ஒரு கையில் பாஸ் இருப்பது மாதிரி நீட்டிப் பார்த்தார். பிறகு தண்ணீரை எட்டிப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். “சேம் மேன்,” என்றார். தோள் குலுங்க ஆரம்பித்தது. அந்த மனிதர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “மிஸ்டர் முத்து, நவ் யூ லாஃப்,” என்றார். இரண்டு பேரும் படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

7. நவம்பர்

அந்த வருடக் கல்லறைத் திருநாளுக்குத் தருவைக்குளம் போனேன். கிறிஸ்தவக் கோயிலுக்குள் போவது அதுதான் எனக்கு முதல் தடவை. எப்போது எழுந்திருப்பது, எப்போது உட்காருவது என்று தெரியாமல் தொம்மையின் மூத்த மகளைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். உபதேசியார் உடம்பு கிடைக்காதவர்கள் பேர்களை முதலில் வாசித்தார். பர்னாந்து, ரோட்ரிகோ, மச்சாது என்று வந்துகொண்டே இருந்தது. நடுவே நிறுத்தி, ஒரு தடவை மூச்சு வாங்கிக்கொண்டு, “ஜின் ஹோ” என்றார். ஒரு வாரமாகத் தொம்மை அவரை உட்கார வைத்துச் சொல்லிப் பழக்கியிருந்தார். கோயில் நிறைய ஆட்கள் சேர்ந்து செபம் சொன்னார்கள். எனக்கு முன்னால் இருந்த ஓர் அம்மாள் திரும்பித் தொம்மையிடம் கேட்டார்.

“யாருப்பா இது? எந்தூருப் பிள்ள?”

“கடல்ல போன பிள்ளக்கா,” என்றார் தொம்மை. அந்த அம்மாளுக்கு அது போதுமாயிருந்தது. சிலுவை போட்டுக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

எங்கள் ஏஜென்சியில் புதிதாகச் சேருகிறவர்கள் என்னிடம் வந்து, எந்த நாட்டுக் கேப்டனிடம் எப்படிப் பேச வேண்டும் என்று பட்டியல் கேட்கிறார்கள். என்னிடம் பட்டியல் கிடையாது. அடுத்தவர் செய்வது விளங்காவிட்டால் சிரிப்பு வரும், வரட்டும், நான் ஒன்றும் சாமியார் இல்லை. ஆனால் ஏன் என்று கேட்ட பிறகு வரட்டும். பதில் வந்தால் அதை முழுசாகக் கொண்டுபோய்ச் சேருங்கள், உங்களுக்குச் சௌகரியமான பாதியை மட்டும் இல்லை. இந்த இரண்டையும் கற்றுக்கொள்ள எனக்கு முப்பது வருடம் பிடித்தது.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அந்தப் பெயரை வாசித்தபோது போனில் பிடித்திருந்த பதிவைக் கேப்டன் ஹானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கேள்வி மட்டும் வந்தது. கோயிலுக்குள் எல்லாரும் சூ போட்டிருந்தார்களா?

வாசலைத் திரும்பிப் பார்த்தேன். ஊர்ச் செருப்பெல்லாம் அங்கேதான் கிடந்தது. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கவிழ்ந்து, ஜோடி மாறி, ஒழுங்காக ஜோடி சேர்ந்தது ஒன்றுகூட இல்லாமல் ஒரே குப்பல். பிள்ளைகள் தங்கள் செருப்பைத் தேடிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தொம்மை ஒற்றைச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு இன்னொன்றைத் தேடி நொண்டிக்கொண்டிருந்தார். அதை அப்படியே ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன்.

“குட்,” என்று பதில் போட்டார் கேப்டன் ஹான். “வெரி குட்.”